அம்மாள் வராத வீடு

சந்திரவதனா கேற்றுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரச்சொல்லிச் சிவனேஸ்வரி இரண்டு தரம் கூப்பிட்டும் அசையவில்லை.

“இல்லையக்கா, நான் வரக்கூடாது. சிறிக்கு அம்மாள் வந்திருக்கு. அம்மாள் வந்த வீட்டில இருந்து வந்து உங்கட வீட்டுக்குள்ள கால் வைக்கலாமே?”

சனிக்கிழமை காலை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் புல்வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிட்னியின் பென்டில் ஹில்லில் சனிக்கிழமை விடிந்தால் வேறு சத்தம் காதில் விழாது. அதற்கு மேலால் சந்திரவதனா தன் மகனுடைய வருத்தத்தை உரத்துச் சொல்லவேண்டியிருந்தது. அந்தத் தெருவில் தமிழ் தெரிந்தவர் வேறு எவருமில்லை என்பது ஒரு வசதி.

சந்திரவதனாவும் புருஷன் வரதராஜாவும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பு வீட்டைச் சட்டி பானையோடு விட்டுவிட்டு ஓடிவந்தவர்கள். அங்கே வங்கியில் கழுத்துப்பட்டியோடு இருந்த வரதராஜா இங்கே ரயிலில் விசில் ஊதினான். ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஃபிளாட்டில் குடியிருந்தார்கள். ஒரே பிள்ளை சிறி, மூன்று வயது. வந்து இறங்கிய நாள் தொடக்கம் சந்திரவதனாவுக்கு எல்லாவற்றுக்கும் சிவனேஸ்வரியக்காதான். எந்த மாவில் இடியப்பம் பிழியலாம், எந்த டொக்டர் பிள்ளையோடு பொறுமையாகக் கதைப்பார், எல்லாம் அக்காவிடம் கேட்டுத்தான். அக்கா சொன்னால் வேதவாக்கு.

“இராஜேஸ்வரி அன்ரிதான் சொன்னவ, போன வருசம் உங்கட யோகாவுக்கும் அம்மாள் வந்ததெண்டு. அதுதான் ஒருக்காக் கேட்டுக்கொண்டு போவம் எண்டு வந்தனான்.”

சிவனேஸ்வரி படியிறங்கிக் கேற்றடிக்கு வந்தாள்.

“என்ன மாதிரி வந்திருக்கு?”

“ஒரு கிழமையாக் காய்ச்சல் கொதிக்குது. உடம்பெல்லாம் சிவந்து தடிச்சுப்போய்க் கிடக்கு, ஆனா முத்துப் போடேல்லை. கண் ரெண்டும் ரத்தச் சிவப்பு, பூளை ஒண்டும் இல்லை. வாய்ச் சொண்டு வெடிச்சு ரத்தம் வருது. கையும் காலும் வீங்கி, ஒரு பிஸ்கட்டைக் குடுத்தால் பிடிக்கேலாமல் அழுகிறான். டொக்டர் பாத்துப்போட்டு மீசல்ஸ் எண்டவர். எங்கட சின்னமுத்துத்தானே அக்கா?”

அதற்குமேல் கேட்கத் தேவையிருக்கவில்லை. போன வருடம் மகள் யோகா பென்சிலைப் பிடிக்க முடியாமல் அழுத கை சிவனேஸ்வரியின் கண்முன்னே வந்துவிட்டது. இது சின்னமுத்து இல்லை. அம்மாளும் இல்லை. அவளுடைய வீட்டுக்கு அம்மாள் ஒருநாளும் வந்ததில்லை.

யோகாவுக்கு வந்ததற்குப் பெயர் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவர் மீசல்ஸ் என்றார், இன்னொருவர் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றார். கடைசியில் நரைத்த பெரிய டொக்டர் ஒருவர் வந்து, பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஜப்பானில் ஒரு வைத்தியர் எழுதிய கட்டுரையைத் தான் வாசித்திருப்பதாகச் சொன்னார். வருத்தத்தின் பெயர் கவசாகி. “மோட்டார் சைக்கிளோ?” என்று வாய் தவறிக் கேட்டுவிட்டு யோகாவின் தகப்பன் மகேந்திரராஜா வெட்கப்பட்டார். டொக்டர் சிரிக்கவில்லை. உடம்பிலுள்ள இரத்தக் குழாய்கள் அழன்று வீங்குகிற வருத்தம் இது என்றும், காய்ச்சல் தானாகப் போய்விடும் என்றும், இனி நெஞ்சைத்தான் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

பார்த்தார்கள். தொடையில் குழாய் விட்டுச் சாயம் பாய்ச்சிப் படம் எடுத்தார்கள். இதயத்துக்கே இரத்தம் கொண்டுபோகிற குழாயில் ஓரிடம் சுண்டங்காய் அளவுக்கு வீங்கிப்போயிருந்தது. டொக்டர் கடதாசியில் கீறிக் காட்டினார். மகேந்திரராஜா நகரசபையில் வடிகால் எஞ்சினியர். குழாய் எங்கே பலவீனமானது, எங்கே அடைக்கும் என்பதெல்லாம் அவருக்கு விளக்கத் தேவையில்லாத விஷயம். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் முகம் வெளுத்துவிட்டது. இதற்கு மருந்து இல்லை, இரத்தம் கட்டாமலிருக்க ஒவ்வொரு நாளும் ஆஸ்பிரின் கொடுக்கலாம், ஓட விடாதீர்கள், சில பிள்ளைகளுக்கு வீக்கம் தானாகச் சுருங்கும் என்றார் டொக்டர். சுருங்காவிட்டால் என்ன என்று சிவனேஸ்வரி கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

சனங்களுக்கு என்ன சொல்வது? அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அம்மாள் என்று சொன்னால் ஒருவரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். வரக்கூடாது. சுகம் விசாரிக்க வருகிறோம் என்று கேக் பெட்டியும் கையுமாக வந்து மருந்துப் போத்தலைத் தூக்கி வாசிக்கிற சனம் முழுவதையும் அந்த ஒரு சொல் படலையோடு நிறுத்திவிடும். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த அத்தனை நாளும் சிட்னித் தமிழர் அவள் வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பொய் என்றால் அதுவல்லவோ பொய். அம்மாளே காவலுக்கு நின்றாள்.

அவளை அதற்காகக் கல்லெறிய வேண்டாம். அவளுக்கு ஊரில் ஒரு தமக்கை இருந்தாள். சிறுவயதில் நாலைந்து தரம் வலிப்பு வந்தது, பிறகு வரவேயில்லை. ஆனால் வந்ததை ஊர் மறக்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வாசல்வரை வந்து, பலகாரமும் தின்று, அடுத்த ஒழுங்கையில் யாரோ காதைக் கடித்ததும் திரும்பிப் போய்விடுவார்கள். அழகி, படித்தவள், நாற்பதை நெருங்குகிறாள். இப்போது தமையன் வீட்டில் தமையன் பெண்சாதியின் பிள்ளைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அதுவும் சிட்னியில் அப்போதிருந்த தமிழரைக் கூட்டினால் ஒரு பள்ளிக்கூட மண்டபம் நிரம்பாது. வாய்கள் குறைந்தால் கதை விரைவாகப் போய்ச்சேரும். யோகா ஒரு பெண்பிள்ளை. நெஞ்சு வருத்தக்காரி என்று பெயர் வந்தால் இந்தக் கண்டத்தில் மட்டுமல்ல, லண்டனிலும் யாழ்ப்பாணத்திலும் அவளுக்கு இடமில்லை. பிள்ளை உயிரோடு இருக்குமா என்று தெரியாத தாய், பிள்ளையின் கல்யாணத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். தாய்மாரின் கணக்கு அப்படித்தான்.

ஆஸ்பிரினை விற்றமின் போத்தலுக்குள் போட்டு வைத்தாள். தமிழ்ச் சங்கத்துக் கொண்டாட்டங்களில் மற்றப் பிள்ளைகள் கதிரைகளைச் சுற்றி ஓடும்போது யோகாவை மடியைவிட்டு இறக்கமாட்டாள். “சரியான வெக்கம் அவளுக்கு” என்பாள். “பொத்திப் பொத்தி வளக்கிறா” என்று மற்றவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இதெல்லாம் சந்திரவதனாவுக்குத் தெரியாது. அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்து நின்றாள்.

“திருப்பி ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுமன், சந்திரா.”

“ரெண்டு தரம் காட்டினாங்களக்கா. அதைத்தான் சொல்லுறார். அம்மாளுக்கு மருந்து குடுக்கக் கூடாதெல்லோ, அவர் தந்த சிரப்பையும் நான் குடுக்கேல்லை. நீங்கள் யோகாவுக்குக் குடுத்தனீங்களோ?”

இப்போது சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு, இந்தப் பெயரைச் சொல், அந்த நரைத்த டொக்டரைக் கேள். மூன்றே வசனம். ஆனால் மூன்றாவது வசனம் முடியுமுன்னே “உங்களுக்கு எப்பிடித் தெரியும்?” என்று சந்திரவதனா கேட்பாள். நல்ல பிள்ளை, வஞ்சகமில்லாதவள், ஆனால் வாய் ஓட்டை. பின்னேரத்துக்குள் இராஜேஸ்வரி அன்ரிக்குப் போய்விடும். இராஜேஸ்வரி அன்ரிக்குப் போனால் ரேடியோவுக்குப் போனமாதிரி.

“இல்லை” என்றாள் சிவனேஸ்வரி.

“தானாப் போட்டுதோ?”

“ஓம். தானாப் போட்டுது.”

சந்திரவதனாவின் முகம் மலர்ந்துவிட்டது. “இப்பதான் எனக்கு உயிர் வந்தது. நான் போட்டு வாறனக்கா, அவர் தனியப் பிள்ளையோட.” போகும் வழியில், தெருவோரம் நின்ற மரத்தில் எட்டி ஒரு கொப்பு முறித்தாள். வேம்பு மாதிரி இலை, பூ மட்டும் ஊதா. வேம்பில்லாத ஊரில் இதுதான் வேம்பு என்று இராஜேஸ்வரி அன்ரி தீர்ப்புச் சொல்லியிருந்தா. சிவனேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள், கூப்பிடவில்லை.

பின்னேரம் மகேந்திரராஜாவிடம் சொன்னாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார்.

“சொல்லத்தான் வேணும். அது பாவம்.”

“அப்ப நீங்கள் வரதனுக்கு ரெலிபோன் அடிச்சுச் சொல்லுங்கோ.”

அடித்தார். அவள் குசினி வாசலில் நின்று கேட்டாள். “ஹலோ, வரதனே? பெடியனுக்கு எப்பிடி? … ஆ, குறைஞ்சிருக்கோ? நல்லது, நல்லது…” பிறகு ரெலிபோன் வயரை விரலில் சுற்றினார். அவளுக்குச் சொல்லட்டும் என்றும் இருந்தது, சொல்லிவிடுவாரோ என்றும் இருந்தது. “அதுசரி, உங்கட றெயில்வேயில ஸ்ட்ரைக் வருதெண்டு கதைக்கினம், உண்மையோ?” என்று கேட்டார் மகேந்திரராஜா. ஸ்ட்ரைக்கைப் பற்றி நெடுநேரம் கதைத்துவிட்டு ரிசீவரை வைத்தார்.

“காய்ச்சல் குறைஞ்சிருக்காம்” என்றார் அவள் முகத்தைப் பாராமல். “சொல்லித்தான் அவங்கள் என்ன செய்யப்போறாங்கள்? மருந்தில்லை எண்டு டொக்டரே சொன்னவர். ஆஸ்பிரின்தானே? நாங்கள் ஒரு வருசமாக் குடுக்கிறம். சுருங்கினதோ?”

சுருங்கவில்லை. போன மாதந்தான் திரும்பவும் படம் எடுத்தார்கள். டொக்டர் இந்தமுறை கடதாசியில் கீறிக் காட்டவில்லை. இன்னொரு இடத்திலும் வீங்கத் தொடங்கியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். காரில் வீடு வரும்வரை யோகா பின்சீற்றிலிருந்து ஆங்கிலத்தில் ஏதோ பாடிக்கொண்டு வந்தாள்.

“நீரே யோசிச்சுப் பாரும். சொன்னால் அவங்களுக்கும் நித்திரையில்லை. வேற என்ன பிரயோசனம்?” என்றார் மகேந்திரராஜா. கெட்டிக்காரர். தங்கள் பயத்துக்கு இரக்கம் என்று பெயர் வைத்துவிட்டார். அவளும் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை சந்திரவதனா ரெலிபோன் எடுத்தாள். குரலில் கல்யாண வீட்டுச் சந்தோஷம். “அக்கா, அம்மாள் இறங்கீட்டா! தோல் உரியுது. ஞாயிற்றுக்கிழமை தண்ணி வாக்கிறம். நீங்கள் கட்டாயம் வரவேணும்.”

சிவனேஸ்வரி போனாள். கைப்பைக்குள் ஆஸ்பிரின் பெட்டி ஒன்று வைத்துக்கொண்டு போனாள். எப்படியும் இன்றைக்குச் சொல்லிவிடுவது, முழுவதும் சொல்லாவிட்டாலும் பாதியாவது சொல்வது என்று வழிநெடுக மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஃபிளாட் வாசலில் அந்த ஊதாப்பூ மரத்தின் கொப்புகள் கட்டியிருந்தன. குளியலறைத் தொட்டியில் மஞ்சள் தண்ணீர், அதில் அதே இலைகள். வரதராஜா பிள்ளையைத் தூக்கி நிறுத்த, சந்திரவதனா செம்பால் வார்த்தாள். சிறி கும்மாளமடித்தான். வீங்கிய கை வற்றியிருந்தது, கண் வெள்ளை வெளேரென்று இருந்தது. பார்க்கிறவர்கள் எவரும் பிள்ளை பிழைத்துவிட்டான் என்றுதான் சொல்வார்கள். இராஜேஸ்வரி அன்ரி குசினியை எடுத்துக்கொண்டு, பச்சரிசியும் சர்க்கரையும் போட்டு அம்மாளுக்குப் புக்கை கிண்டினா.

துவாயால் சுற்றிப் பிள்ளையைச் சிவனேஸ்வரியின் மடியில் இருத்தினார்கள். அவள் அவனுடைய கையை எடுத்து விரித்தாள். நகக்கண்ணின் ஓரத்திலிருந்து தோல் வெங்காயச் சருகாகக் கழன்றுகொண்டிருந்தது. சின்னமுத்துக்கு இப்படி நகக்கண்ணில் தொடங்கி உரியாது. அந்த நரைத்த டொக்டர் யோகாவின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இதைத்தான். அந்த வீட்டில் அவளைத் தவிர எவருக்கும் அது தெரியாது. காய்ச்சல் போனபிறகுதான் நெஞ்சுக்குள் குழாய் வீங்கும் என்பதும் தெரியாது.

“சந்திரா,” என்றாள், “இவனை ஒருக்காப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நெஞ்சைக் காட்டுமன்.”

“நெஞ்சையோ? ஏனக்கா நெஞ்சை?”

குசினிக்குள் அகப்பைச் சத்தம் நின்றது. இராஜேஸ்வரி அன்ரி அகப்பையும் கையுமாக வாசலில் வந்து நின்றா. “என்ன பிள்ளை நெஞ்சு? யோகாவுக்கும் நெஞ்சைக் காட்டினனீரோ?”

சும்மா கேட்ட கேள்விதான். மனுசிக்கு எதையும் கேட்காமல் இருக்கத் தெரியாது. ஆனால் சிவனேஸ்வரிக்குத் தமக்கையின் முகம் கண்முன்னே வந்தது. பலகாரத் தட்டோடு வாசலில் நின்ற முகம்.

“இல்லை அன்ரி. சளி கட்டியிருக்குமோ எண்டு கேட்டனான்.”

“உமக்கு எப்பவும் ஒரு பயந்தான். பிள்ளை குதிச்சுக்கொண்டு நிக்கிறான், சளியாம்” என்றுவிட்டு அன்ரி திரும்பவும் கிண்டப் போய்விட்டா. சந்திரவதனா சிரித்தாள். எல்லாரும் புக்கை சாப்பிட்டார்கள். நல்ல இனிப்பு. ஆஸ்பிரின் பெட்டி கைப்பைக்குள் போனபடியே திரும்பி வந்தது.

சிறி செத்தது ஒரு புதன்கிழமை பகல். சந்திரவதனா ஃபிளாட்டுக்குப் பின்னால் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவன் ஒவ்வொரு கிளிப்பாக எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றான். “அம்மா, வயிறு நோகுது” என்றானாம். வெறும் உடுப்புக் கூடைக்குள் ஏறிச் சுருண்டு படுத்தானாம். ஒளித்துப்பிடித்து விளையாடுகிறான் என்று நினைத்து, அவள் மிச்ச உடுப்பையும் போட்டு முடித்துவிட்டு, “சிறி எங்கே? சிறியைக் காணேல்லை” என்று பொய்க்குத் தேடினாளாம். இதை அவள் வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள். தேடின இடங்களையெல்லாம் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

திடீர்ச் சாவு என்றபடியால் பொலிஸ் வந்தது. வெட்டிப் பார்த்துத்தான் பிள்ளையைத் தந்தார்கள். இவ்வளவு சின்னப் பெட்டியும் செய்வார்களா என்று சிவனேஸ்வரி நினைத்தாள். வெள்ளைக்காரப் பெட்டிக்காரன் அதை ஒரு கையாலேயே தூக்கிவிடலாம், மரியாதைக்காக இரண்டு கையாலும் தூக்கினான். புதைத்தார்கள். மகேந்திரராஜா ஒரு பிடி மண் போட்டுவிட்டுக் காரில் போயிருந்து ஸ்டீயரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

சனத்துக்கு ஒரு காரணம் வேண்டுமே. தலைக்குத் தலை ஒன்று சொன்னார்கள். கடைசியில் இராஜேஸ்வரி அன்ரியின் காரணம் நிலைத்தது. அது வேப்பிலையில்லையாம், வெள்ளைக்காரன் வளர்க்கிற ஏதோ நஞ்சு மரமாம், அதால் தண்ணீர் வார்த்தது அம்மாளுக்குப் பொறுக்கவில்லையாம். அதே மரத்தை வேம்பென்று தீர்ப்புச் சொன்னவ தான்தான் என்பதை அன்ரி மறந்துபோனா.

சந்திரவதனா மறக்கவில்லை. புதைத்துவிட்டு வந்த அன்று சுவரோடு சாய்ந்து இருந்தவள், சிவனேஸ்வரியின் கையைப் பிடித்து இழுத்துத் தனக்குப் பக்கத்தில் இருத்தினாள்.

“அக்கா, ஒண்டு கேப்பன், மறைக்காமல் சொல்லவேணும்.”

சிவனேஸ்வரி கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், சந்திரவதனா விடவில்லை.

“யோகாவுக்குத் தண்ணி வாக்கேக்க நீங்கள் என்ன இலை போட்டனீங்கள்?”

“அதே இலைதான், சந்திரா.”

“உண்மையாவோ?”

“உண்மையா. அதே மரத்து இலைதான்.”

“அப்ப இலையில பிழையில்லை” என்றாள் சந்திரவதனா. இன்னும் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப நான் வேற என்னத்தில பிழை விட்டனான்?”

சிவனேஸ்வரி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகை உண்மையானது. மற்றதெல்லாம் பொய். வீட்டுக்கு வந்து யோகாவுக்கு மாத்திரை கொடுக்கும்போது கை தவறி இரண்டு மாத்திரை நிலத்தில் உருண்டன. குனிந்து பொறுக்கினாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சின்னப் பிள்ளைக்கு எட்டும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் கிடையாது என்று ஜெயரட்ணம் அங்கிள் சொன்னார். இராஜேஸ்வரி அன்ரியின் புருஷன் அவர். சடங்கு விஷயத்தில் அவர் சொன்னால் சட்டம். ஆனாலும் எட்டாம் நாள் ஆட்கள் கூடினார்கள். தனியே விட எவருக்கும் மனம் வரவில்லை. சிவனேஸ்வரி யோகாவையும் கூட்டிக்கொண்டு போனாள், விட்டுவிட்டு வர இடமில்லை. வழக்கம்போல மடியில் வைத்துக்கொண்டு மூலையில் இருந்தாள்.

வரதராஜா எழும்பி நின்று தொண்டையைச் செருமினான். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு வெட்டிப் பார்த்ததன் முடிவைச் சொல்லியிருந்தார்கள். அதை ஒருதரம் எல்லாருக்கும் சொல்லிவிட்டால் பிறகு ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியதில்லை.

“அம்மாளும் இல்லையாம், மீசல்ஸும் இல்லையாம். நெஞ்சுக்கு ரத்தம் போற குழாய் வீங்கி, அதுக்குள்ள ரத்தம் கட்டிப்போச்சாம். மூண்டு வயசுப் பிள்ளைக்கு ஹார்ட் அற்றாக்.” கண்ணைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்தான். “ஜப்பானில கண்டுபிடிச்ச வருத்தமாம். இஞ்ச கண்டதே அரிதாம். போன வருசம் சிலோன் பெட்டை ஒண்டுக்கும் வந்ததாம். பிழைச்சிருக்காம். ஆஸ்பிரின் குடுத்து வைச்சிருக்கினமாம்.”

“சிலோன் பெட்டையோ?” இராஜேஸ்வரி அன்ரி நிமிர்ந்தா. “ஆரது? எங்கட ஆக்களே, சிங்கள ஆக்களே? என்ன வயசாம்?”

வந்திருந்தவர்கள் தங்களுக்குள் எண்ணத் தொடங்கினார்கள். எண்ணுவதற்கு எத்தனை குடும்பம் இருந்தது? சிவனேஸ்வரி மடியிலிருந்த பிள்ளையை இறுக்கினாள். யோகா நெளிந்தாள். ஐந்து வயது கழிந்த பிள்ளை, கால் நிலத்தைத் தொடுகிறது, இன்னும் தாயின் மடியில். மகேந்திரராஜா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே சந்திரவதனா இருந்தாள். அவளுடைய பார்வை யோகாவின் முகத்தில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, பிள்ளையைச் சுற்றியிருந்த தாயின் இரண்டு கைகளிலும் வந்து நின்றது. அங்கேயே நெடுநேரம் நின்றது. சிவனேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

“மெல்பேர்ன் பெட்டையாம், அன்ரி” என்றாள் சந்திரவதனா. “இஞ்ச கொண்டுவந்து காட்டினவையாம்.”

வரதராஜா திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தான். அவனிடம் எவரும் மெல்பேர்ன் என்று சொல்லவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்தவன் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டான். “அப்ப மெல்பேர்ன் இரத்தினசிங்கத்தாரின்ர பேத்தியாத்தான் இருக்கும்” என்று அன்ரி தொடங்க, கதை மெல்பேர்னுக்குப் போய்விட்டது.

சந்திரவதனா தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள். சிவனேஸ்வரி பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனாள். கோப்பைகள் தொட்டியில் கிடந்தன. சந்திரவதனா பைப்பைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் கழுவினாள், திரும்பிப் பார்க்கவில்லை.

“சந்திரா, நான்…”

“தெரியும்.”

“நான் அண்டைக்கே சொல்லியிருக்க வேணும்.”

“சொல்லியிருந்தால் தப்பியிருப்பானோ?”

இதற்கு இரண்டு பதில்தான் உண்டு. தப்பியிருப்பான் என்றால் அவனைக் கொன்றவள் இவள். தப்பியிருக்கமாட்டான் என்றால் யோகாவுக்கு ஒவ்வொரு நாளும் கொடுக்கிற மாத்திரை வெறும் சுண்ணாம்பு.  இரண்டில் எதுவும் உண்மையாயிருக்கலாம் என்பதுதான் அவளைக் கொன்றது.

“தெரியாது” என்றாள்.

சந்திரவதனா ஒரு கோப்பையைக் கழுவி முடித்துக் கவிழ்த்தாள். “நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன். இவரையும் சொல்லவிடமாட்டன். பொம்பிளைப் பிள்ளையெல்லோ அக்கா. நாளைக்கு ஒரு இடத்தில குடுக்கவேணும்.”

மண்ணள்ளித் தூற்றியிருந்தால், கன்னத்தில் ஓங்கி அறைந்திருந்தால், சபைக்கு நடுவில் இழுத்துப்போய் நிறுத்தியிருந்தால் சிவனேஸ்வரி தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள், பறிகொடுக்கச் செய்தவளின் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடும் நாளைப் பற்றிக் கவலைப்படுகிறாள். அந்த நாள் வராது என்பது சந்திரவதனாவுக்குத் தெரியாது.

“அவளுக்கும் சுருங்கேல்லை, சந்திரா” என்றாள். ஒரு வருடமாக எவருக்கும் சொல்லாதது உரத்து வெளியே வந்துவிட்டது. “இன்னொரு இடத்திலயும் வீங்குதாம். டொக்டர் கைவிட்டிட்டார். அவளும் இருக்கமாட்டாள்.”

சந்திரவதனா பைப்பைப் பூட்டினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முதல்தரம் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை, இரக்கமும் இல்லை.

“மெல்லக் கதையுங்கோ, அக்கா” என்றாள். “அன்ரிக்குக் கேட்டிடும்.”